தீப்பிடிக்காத நாலாவது மாடி

மனித குலத்தின் மேலான கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: நாலாவது மாடியில் தீப்பிடிக்கவில்லை.

போன வாரமும் பிடிக்கவில்லை. அதற்கு முந்தின வாரமும் பிடிக்கவில்லை. ஆனால் தீ மணி மட்டும் வாரம் தவறாமல் அலறியது. அலறியபோதெல்லாம் அந்த மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள் படியிறங்கி ஓடிக் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றார்கள். கட்டடக் காவலாளி தீயணைக்கும் சிலிண்டரைக் கட்டியணைத்தபடி மாடி மாடியாக ஏறி, அணைக்க ஒன்றும் கிடைக்காமல் மனம் நொந்து இறங்கினார். திரும்ப மேலே போய்ப் பார்த்தால், நாற்காலி மேசையெல்லாம் அப்படியே இருக்க, நிறுவனம் ராப்பகலாக உருவாக்கிக்கொண்டிருந்த மென்பொருள் மட்டும் செத்துக் கிடக்கும்.

இதுதான் வழக்கு. இதை முதலாளி நின்றபடி விளக்கினார். உட்கார்ந்து பேசினால் வரலாறு தன்னைக் கவனிக்காமல் போய்விடும் என்று அவருக்கு ஒரு பயம்.

"இதை வெறும் கம்பெனின்னு நினைக்காதீங்க. இது ஒரு தவம்" என்றார்.

தவத்துக்குக் குளிர்சாதன வசதி செய்திருந்தார்கள். ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் ஒற்றைத் தங்கமீன், தானும் தவத்தில் பங்காளி என்பது தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் துப்பறிவாளரும் அவருடைய மருமகளும். துப்பறிவாளர் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர். யோசிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். யோசிக்காதபோதும் துடைப்பார். வாடிக்கையாளர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இருப்பதில்தான் தொழிலே ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் அவருடைய பல் டாக்டர் மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்த புதிதில், வீட்டையே புரட்டித் தேடிய மாமனாரின் கண்ணாடி மாமியாரின் மூக்கில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அன்றைக்கே உதவியாளர் வேலை அவளுக்கு என்று ஆகிவிட்டது.

"மணிப் பெட்டி எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள்.

"நடையில. காப்பி மெஷினுக்குப் பக்கத்துல."

"கேமரா வச்சிருப்பீங்களே."

"ஒண்ணு இருக்கு. ரிசப்ஷன்ல. அந்த போட்டோவைப் பாத்துக்கறதுக்கு."

அந்த போட்டோவை அவள் வரும்போதே பார்த்திருந்தாள். ஆளுயரம். நடுவில் முதலாளி, கைகட்டி, வானத்தைப் பார்த்து. அவரைச் சுற்றி மூன்று முன்னாள் படைவீரர்கள், தோளில் ஆளுக்கொரு கீபோர்டைத் துப்பாக்கி மாதிரி சாத்திக்கொண்டு. 'எல்லையைக் காத்த கரங்கள் இன்று எதிர்காலத்தைத் தட்டச்சு செய்கின்றன' என்று கீழே ஒரு வரி. படத்தில் அந்த மூவரின் முகத்திலும் இருந்த உணர்ச்சியை, பல் பிடுங்குவதற்குக் காத்திருப்பவர்களிடம் அவள் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறாள்.

"அந்த மூணு பேர்ல ஒருத்தர்தான்" என்றது இன்னொரு குரல். பக்கவாட்டு நாற்காலியில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை. முதலாளியின் ஒரே மகளின் ஒரே கணவர். அறைக் கதவில் 'தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி' என்று போட்டிருந்தாலும் காவலாளி முதல் கணக்குப் பிரிவு வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். "போட்டிக் கம்பெனிக்காரன் யாரோ விலைக்கு வாங்கியிருக்கான். மத்தவங்களுக்கு இந்த மாதிரி நாசவேலை எல்லாம் தெரியாது. இவங்களுக்கு அதுதானே படிப்பு."

"மாப்ளே சொன்னா சரியா இருக்கும்" என்றார் முதலாளி. "சார், இன்னைக்கு மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியோட மருந்துக் கிடங்கு அதிகாரி அம்மா வர்றாங்க. எந்த மருந்து எந்த அலமாரியில எவ்வளவு இருக்குன்னு சொல்ற மென்பொருள் இது. அவங்க வாங்கினா நாங்க எங்கேயோ போயிடுவோம். அவங்க முன்னால மணி அடிச்சா எல்லாம் போச்சு. அதுக்குள்ள ஆளைக் காட்டுங்க."

"காட்ட முடியலைன்னா?" என்றார் துப்பறிவாளர்.

"மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன். மூணு பேருமே தகுதிகாண் காலத்துலதான் இருக்காங்க. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை."

"போட்டோவை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மருமகள்.

முதலாளி உண்மையாகவே யோசித்தார். "அது இருக்கட்டும். நான் நல்லா வந்திருக்கேன்."

பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம். வெளியே தெரிய வேண்டாம். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் என் மீனைக் கடத்தப் பாக்கறாங்க."

"மீனையா?"

"ஆமா. திரும்பி வந்து பார்த்தா தொட்டி மேசைக்கு அடியில இருக்கு. சுத்தி சோபா மெத்தையெல்லாம் அடுக்கி வச்சிருக்கு. தூக்கிட்டுப் போகறதுக்குள்ள நாங்க வந்துடறோம்னு நினைக்கிறேன்."

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகள் மீனைப் பார்த்தாள். மீனுக்குத் தன் மதிப்பு தெரிந்த மாதிரி இல்லை.

நடைக்கு வந்ததும் முதல் சாட்சி தானாகவே வந்து மாட்டியது. கணக்குப் பிரிவு அம்மாள், கையில் கசங்கிய தாள்களோடு.

"நீங்கதான் துப்பறியறவங்களா? என் பேப்பரைக் கொஞ்சம் துப்பறிஞ்சு குடுங்க. நான் கீழே நிக்கறேன், என் பேப்பர் எல்லாம் மேலேருந்து என் தலையிலயே வந்து விழுது. ஒவ்வொரு தடவையும். போன வாரம் ஒண்ணு மரத்துல மாட்டிக்கிச்சு."

"ஏசி போட்ட ஆபீஸ்ல பேப்பர் எப்படிங்க வெளியே பறக்கும்?"

"ஜன்னல் திறந்திருந்தா பறக்கும். மணி அடிச்சா எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கு. யார் திறக்கறான்னு தெரியலை. நான் திரும்ப வந்து ஒவ்வொண்ணா சாத்தறேன், எனக்குத்தான் முதுகு வலி."

"மென்பொருள் செத்ததுல உங்க வேலை ஏதாவது போச்சா?"

அம்மாள் யோசித்தாள். "அதுதான் அதிசயம். நாங்க எல்லாரும் நாள் பூரா மருந்துப் பேரா உள்ளே ஏத்திக்கிட்டு இருக்கோம். எந்திரிச்சுப் போய்க் கால் மணி நேரம் ஆனா, அதுவே ஏத்தினதைச் சேமிச்சு மூடிக்கும். அதனால மணி அடிச்சு நாங்க போனப்புறம் என்ன செத்தாலும் எங்களுக்கு ஒரு எழுத்துகூடப் போகலை. பேப்பர்தான் போச்சு."

அவள் போனதும் மருமகள் மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, இவ்வளவு பொறுப்பான வில்லனை நான் பார்த்ததே இல்லை. மீனைப் பத்திரமா மெத்தையில படுக்க வைக்கிறான். யார் வேலையும் கெடாம பாத்துக்கறான். காத்தோட்டத்துக்கு ஜன்னல் வேற திறந்து விடறான். நம்ம வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லலாமா?"

"ஜன்னல்தான் விஷயம்" என்றார் துப்பறிவாளர். "வெளி ஆள் ஜன்னல் வழியா ஏறி வர்றான்."

"நாலாவது மாடிக்கு."

"கயிறு போட்டு."

"எல்லா ஜன்னலுக்கும் ஒரு கயிறு. சரி. அப்புறம் மீன்?"

துப்பறிவாளர் பேச்சை மாற்றினார். "முதல்ல அந்த மூணு பேரையும் பாப்போம்."

மூவரில் முதலாமவர் பீரங்கிப் படையில் இருந்தவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பீரங்கி. திரையில் படங்களையும் பட்டன்களையும் அழகாக அடுக்குவது அவர் வேலை. தொப்பை மேல் கீபோர்டை வைத்துக்கொண்டு, ஒரு பட்டனை இளம்பச்சையிலிருந்து இன்னும் இளம்பச்சைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் பேசியது அடுத்த கட்டடத்துக்கும் கேட்டது.

"மணியா? எனக்கு மணி கேக்காது தங்கச்சி. பீரங்கிப் பக்கத்துல நின்ன காது. நீ இப்போ எதிர்ல நின்னு பேசறதால வாயைப் பார்த்து ஒப்பேத்தறேன்."

"அப்ப மணி அடிச்சா எப்படி வெளியே போறீங்க?"

"பின்னாலேருந்து தோள்ல தட்டுவாங்க. எந்திரிச்சுப் போவேன்."

"யாரு தட்டறது?"

"யாரா இருந்தா என்ன? தட்டினா போகணும். திரும்பிப் பார்த்து 'நீ யாரு, உங்கப்பா பேரென்ன'ன்னு கேட்டவன் எல்லாம் இப்போ உயிரோட இல்லை."

"எல்லாரும் ஓடும்போது நீங்களும் சேர்ந்து ஓடறீங்க."

"இல்லையே. நான் கீழே போய் ஒரு சிகரெட்டு முழுசா முடிச்சுடுவேன். அதுக்கப்புறம்தான் மத்தவங்க கத்திக்கிட்டு வருவாங்க. பட்டாளத்துக்காரன் வேகம் அவங்களுக்கு வராது."

துப்பறிவாளர் அந்த வேகத்தைப் பாராட்டித் தலையசைத்தார். மருமகள் தலையசைக்கவில்லை. காது கேட்காதவர் எல்லோருக்கும் முன்னால் போய் ஒரு சிகரெட்டையும் முடித்திருந்தார் என்றால், தோளில் தட்டு விழுந்தது மணி அடிப்பதற்கு முன்னால்.

அடுத்தவர் சிக்னல். வயர்லெஸ் பிரிவில் இருந்த பெண்மணி. நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைப்பது அவர் பொறுப்பு. கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளாமல் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"மணி அடிச்சப்போ நீங்க எங்கக்கா இருந்தீங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"கேள்வி: மணி அடிச்சப்போ நான் எங்க இருந்தேன். சரியா?"

"சரி."

"பதில்: என் இடத்துல. முடிஞ்சது."

"உங்க வீட்டுக்காரர் பாவம்க்கா."

சிக்னலின் வாயோரம் லேசாக அசைந்தது. "அவர் இப்போ தானாவே திருப்பிச் சொல்றார். 'தக்காளி, வெங்காயம், சோப்பு, சரியா' ன்னு." பிறகு கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க மூணு பேரையும் சந்தேகப்படறாங்கன்னு தெரியும். பரவாயில்லை. ஆனா வேலையை எடுத்துட்டா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க முடியாதும்மா. நாங்க கம்ப்யூட்டர் வகுப்புல போய் உக்காந்தப்போ, கூடப் படிக்கிற பசங்க எங்களை வாத்தியார்னு நினைச்சு எந்திரிச்சு நின்னாங்க. பீரங்கி 'உக்காருங்க'ன்னு சொன்னார், மொத்தக் கட்டடமும் உக்காந்துச்சு. அப்படிக் கஷ்டப்பட்டு வந்தது. என் மாமியார் இன்னும் பக்கத்து வீட்டுல எல்லாம் நான் பட்டாளத்துலதான் இருக்கேன்னு சொல்லிட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் வேலை நிக்குமோ நிக்காதோன்னு அவங்களுக்குப் பயம். நின்னா சொல்லிக்கலாம்னு இருக்காங்க."

மருமகள் சொல்ல வந்த நகைச்சுவையைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள். அது அவளுக்கே புதிதாக இருந்தது.

"மூணாவது ஆள்?"

"கேள்வி: மூணாவது ஆள் யாரு. பதில்: பொறுமைன்னு கூப்பிடுவோம். கண்ணிவெடி எடுக்கற பிரிவுல இருந்தவர். இங்க சோதனை பண்றவர். மென்பொருள்ல எங்க தப்பு இருக்குன்னு தேடறது அவர் வேலை. இப்போ அவரைப் பாக்க முடியாது. நாடா கட்டியிருக்கார்."

உண்மையாகவே கட்டியிருந்தார். கடைசி மேசையைச் சுற்றி, நாலு நாற்காலிகளை நிறுத்தி, ஆபத்து என்று எச்சரிக்கும் சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் நாடா. உள்ளே ஒடிசலான ஒருவர் திரைக்கு முன்னால் குனிந்து, ஒற்றை விரலால் ஒரு பட்டனை அழுத்தி, மூச்சை விட்டு, அடுத்ததை அழுத்திக்கொண்டிருந்தார். அறையில் மற்றவர்கள் தட்டச்சு செய்யும் சத்தம் மழை மாதிரி இருந்தது. இவருடையது குழாய் சரியாக மூடாத வீடு மாதிரி.

"கொஞ்சம் பின்னால நில்லுங்க" என்றார், திரும்பாமலே. குரலில் கண்டிப்பு இல்லை. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிறவர் குரல்.

துப்பறிவாளர் உடனே பின்னால் நின்றார். அப்படியே மருமகளை இழுத்துக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் போய்விட்டார்.

"என்ன மாமா, அவர்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே."

"சந்தேகப்படற ஆள்கிட்ட நேராப் போய்க் கேக்கக் கூடாது. தொழில் ரகசியம். கேட்டா சொல்லிடுவானா?"

"கேட்டுத்தான் பாப்போமே."

"அப்புறம் நாம எதுக்கு?"

இது நியாயமான கேள்வியாக இருந்ததால் மருமகள் படியில் உட்கார்ந்துகொண்டாள். "சரி, கேக்க வேண்டாம். யோசிச்சுப் பாருங்க. தீக்குப் பயந்தவன் ஜன்னலை என்ன பண்ணுவான்?"

"சாத்துவான். காத்து வந்தா நெருப்பு பரவும்."

"நம்ம ஆள் திறக்கறான். அப்ப அவன் பயப்படறது தீக்கு இல்லை. ஜன்னலைச் சாத்தி வச்சா கண்ணாடி உடைஞ்சு சிதறும்னு யார் மாமா பயப்படுவாங்க? கண்ணாடித் தொட்டியைத் தூக்கி மேசைக்கடியில வச்சு மெத்தையைச் சுத்தறவன் மீனைத் திருடவா வந்தான்? காது கேக்காத மனுஷனை மணிக்கு முன்னாலயே கீழே அனுப்பிடறான். ஏன்னா அவருக்கு மணி கேக்காதுன்னு அவனுக்குத் தெரியும். எல்லாரும் வெளியே போனப்புறம் ஏதோ வெடிக்கப் போகுதுன்னு அவன் நினைக்கிறான்."

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். வெகு நாட்களுக்குப் பிறகு அவர் உண்மையாகவே யோசித்தார்.

"கண்ணிவெடி" என்றார்.

"அதேதான்."

"நானும் அதைத்தான் ஆரம்பத்துலேருந்து நினைச்சேன்" என்றார் துப்பறிவாளர். "கயிறு சும்மா உன்னைச் சோதிக்கச் சொன்னது."

முதலாளிக்கு எதையும் சிறியதாகச் செய்யத் தெரியாது. குற்றவாளியின் பெயரைக் காதில் சொன்னால் போதும் என்று மருமகள் எவ்வளவோ சொல்லியும், மொத்த ஊழியர்களையும் கூட்ட அறைக்கு வரவழைத்தார். அவரவர் செய்த வேலையைப் பாதியில் அப்படியே திரையில் விட்டுவிட்டு வந்து சுவரோரமாக நின்றார்கள். மீன் தொட்டியும் வந்தது, பாதிக்கப்பட்ட தரப்பு என்ற முறையில்.

அந்த நேரம் பார்த்து மருந்துக் கிடங்கு அதிகாரி அம்மாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டார். பருத்த உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, எதையும் முதல் தடவையில் நம்பாத முகம். முதலாளி ஒரு கணம்தான் தடுமாறினார்.

"வாங்கம்மா, வாங்க. எங்க பாதுகாப்பு எவ்வளவு பலமா இருக்குன்னு நீங்களே உக்காந்து பாருங்க" என்று முன்வரிசை நாற்காலியைக் காட்டினார். பெரிய திரையில் மென்பொருள் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. 

துப்பறிவாளர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அறையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"நண்பர்களே, குற்றம் என்பது ஒரு கலை. அதைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய கலை. திறந்த ஜன்னல்கள் என்னிடம் பேசின. ஒரு மீன் என்னிடம் பேசியது. குளிர்ந்த ரத்தமும் நெஞ்சழுத்தமும் உள்ள அந்த ஆசாமி, தன்னை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற இறுமாப்போடு இதே அறையில், இதே நிமிடத்தில், உங்கள் நடுவிலே..."

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஒடிசலான கை.

"சார், மணி அடிச்சதையா கேக்கறீங்க?" என்றார் பொறுமை. "அது நான்தான்."

துப்பறிவாளரின் வாய் அடுத்த வாக்கியத்துக்குத் திறந்தபடியே நின்றது. அதில் நல்ல வாக்கியங்கள் இன்னும் நிறைய மிச்சம் இருந்தன.

"போன வாரம்?" என்றார் முதலாளி.

"அதுவும் நான்தான் சார்."

"அதுக்கு முந்தி?"

"எல்லாமே. வேற யாருக்கு அடிக்கத் தெரியும்?"

"இத்தனை நாளா ஏன்யா வாயைத் திறக்கலை?"

"யாரும் கேக்கலையே சார்" என்றார் பொறுமை, புரியாமல். "எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன். முதல்ல மாப்பிள்ளை சார்கிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டுத்தான் செய்யறேன்."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மீனைப் பார்த்தார்.

மருமகள்தான் கேட்டாள்: "என்னன்னு சொன்னீங்கண்ணே?"

"மருந்து எவ்வளவு இருக்குன்னு கேக்கற கட்டத்துல ஜீரோ போட்டா மொத்தமும் செத்துடுதும்மா. சும்மா சாகலை. அந்த நேரத்துல யார் யார் உள்ளே ஏத்திக்கிட்டு இருக்காங்களோ அவங்க எல்லாரோட வேலையையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகுது. நல்லா மறைஞ்சு உக்காந்திருக்கற கண்ணி அது. எடுத்துடுங்கன்னு சொன்னேன். மாப்பிள்ளை சார் எழுதின பகுதி, வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டார். எடுக்கவும் விடலை, எல்லாரும் அது மேலேயே நடந்துக்கிட்டு இருக்காங்க. எங்க தொழில்ல, எடுக்க முடியாத வெடின்னா ஆளுங்களை அப்புறப்படுத்திட்டு அங்கேயே வெடிக்க வச்சிடுவோம்."

"வெளியே போங்கன்னு சொன்னா போக மாட்டாங்களா?"

"சொல்லிப் பார்த்தேம்மா. 'இதோ ஒரு நிமிஷம்'ங்கறாங்க. மணி அடிச்சா எந்திரிக்கறாங்க."

"ஒரு தடவை வெடிச்சாச்சே. அப்புறம் ஏன் வாரா வாரம்?"

"மாப்பிள்ளை சார் தான் எழுதினதோட பழைய நகலையே எடுத்துப் போட்டுடறார். கண்ணியும் அதே இடத்துல மறுபடி புதைஞ்சுடுது."

சுவரோரமாக யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். பீரங்கி சிக்னலிடம் "என்ன சொல்றான்?" என்று ரகசியமாகக் கேட்டது தெருவில் போனவர்களுக்கும் கேட்டது.

"ஏன்ணே, கம்ப்யூட்டருக்குள்ள வெடிக்கறதுக்கு ஜன்னல் கண்ணாடி உடையாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மருமகள்.

பொறுமை தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "தலைக்குத் தெரியும்மா. கைக்கு இன்னும் தெரியலை."

சிக்னல் ஓரடி முன்னால் வந்தார்.

"அண்ணே, ஒரு தகவல். உள்ளே இருக்கறவங்க எல்லாரையும் ஒரே தட்டுல சேமிச்சு வெளியேத்த நான் ஒரு பட்டன் வச்சிருக்கேன். மெனுவுல மூணாவது. மணியே தேவையில்லை. தகவல் முடிஞ்சது."

"பாத்தேன் தங்கச்சி" என்றார் பொறுமை. "ஆனா அது வேலை செய்யுதான்னு நான் இன்னும் சோதிக்கலை. சோதிக்காததை நம்பி எப்படிக் கால் வைக்கிறது?"

முதலாளிக்கு இப்போதுதான் கோபம் முழு உருவத்தில் வந்து சேர்ந்தது. கடந்த சில நிமிடங்களில் யாரும் அவரைப் பார்க்கவே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

"போதும். மாப்ளே எழுதினதுல குத்தம் கண்டுபிடிக்கற அளவுக்கு இங்க யாரும் வளரலை. உன் வேலை இந்த நிமிஷத்தோட முடிஞ்சது. கூட இருக்கற ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கிளம்புங்க."

சிக்னல் இந்தத் தகவலைத் திருப்பிச் சொல்லவில்லை. பீரங்கி அவர் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் மருந்துக் கிடங்கு அம்மாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஜீரோ போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் மாப்பிள்ளை. "முதல்ல ஜீரோ யாரு போடப் போறாங்க?"

"மருந்து தீர்ந்து போனா நான் வேற என்னத்தைப் போடறது?"

"தீர்ந்து போகாம பாத்துக்கணும்" என்றார் மாப்பிள்ளை.

கிடங்கு அம்மாள் அவரை நிதானமாகப் பார்த்தார். அலமாரியில் காலாவதியான மருந்தைப் பார்க்கும்போது அப்படிப் பார்ப்பார் போலிருக்கிறது. "போட்டுக் காட்டுங்க."

"நானே போடறேன்" என்று முதலாளி முன்னால் வந்தார். சரித்திரத் தருணங்களை மாப்பிள்ளைக்குக்கூட விட்டுக்கொடுக்கிறவர் அல்ல அவர்.

அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. ஆனால் கணக்குப் பிரிவு அம்மாள் சத்தமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு தன் மேசைக்கு ஓடினாள். அவளைத் தொடர்ந்து ஒவ்வொருவராக நழுவினார்கள். பக்கத்து அறைகளிலிருந்து அவசர அவசரமாகச் சேமித்து மூடும் சத்தம் வந்தது. பொறுமை கிடங்கு அம்மாளிடம் குனிந்து, "கொஞ்சம் தள்ளி உக்காந்துக்குங்கம்மா" என்றார். பிறகு முதலாளியிடம் கெஞ்சுகிற குரலில், "சார், ஒரு நிமிஷம் குடுங்க. ஜன்னல் திறக்கலை" என்றார்.

முதலாளி பூஜ்யத்தைத் தட்டினார்.

பெரிய திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. கறுத்தது. அவ்வளவுதான். மெத்தைக்குள் ஒளிந்துகொள்ள வாய்ப்புக் கிடைக்காத மீன் ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது. மாப்பிள்ளையின் அறையிலிருந்து மட்டும் ஒரு எச்சரிக்கைச் சத்தம் விடாமல் கேட்டது. காலையிலிருந்து அவர் செய்த வேலையைச் சேமிக்கச் சொல்லி யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

கிடங்கு அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் கிடங்குல எப்பவும் ஏதாவது ஒரு அலமாரி காலியாத்தான் இருக்கும். முதல் நாளே இது என் தலையில வெடிச்சிருக்கும்." எழுந்து பொறுமைக்கு எதிரே போய் நின்றார். "நீங்க சரின்னு சொன்னப்புறம் நான் வாங்கறேன். நீங்க மூணு பேரும் இங்க இருந்தா வர்றேன். இல்லைன்னா நீங்க போற இடத்துக்கு வர்றேன்."

முதலாளியின் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் பெருமிதம் வந்து உட்கார்ந்தது. இடையில் வேறு எதுவும் வந்து போனதாகத் தெரியவில்லை. 

"இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்று அறிவித்தார். "எங்க சோதனை முறை எவ்வளவு கடுமையானதுன்னு உங்களுக்கு நேர்ல காட்டத்தான் இந்த ஏற்பாடு எல்லாம். இவங்க மூணு பேரும் எங்க கம்பெனியோட தூண். தூணை யாராவது வெளியே அனுப்புவாங்களா?"

"சொல்லும்போது கொஞ்சம் முகத்தை மாத்திக்கலாம்" என்று மருமகள் மாமனாரின் காதில் முணுமுணுத்தாள். "மூணு பேரும் இன்னும் கிளம்பத் தயாரா நிக்கறாங்க."

"தொழில் தெரிஞ்ச ஆளு" என்றார் துப்பறிவாளர், மரியாதையோடு.

சிக்னல் முதலாளிக்கு நேரே வந்து நின்றார்.

"உறுதி செஞ்சுக்கறேன் சார். தகவல்: எங்க மூணு பேர் வேலையும் நிரந்தரம். சரியா?"

முதலாளி கிடங்கு அம்மாளைப் பார்த்தார். கிடங்கு அம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"சரி" என்றார் முதலாளி.

"முடிஞ்சது" என்றார் சிக்னல். நடைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போனில் யாரிடமோ பேசினார். "அத்தை, இனிமே பக்கத்து வீட்டுல சொல்லலாம்" என்று மருமகளுக்குக் கேட்டது. அதற்கு எதிர்முனையிலிருந்து ஏதோ கேள்வி வந்திருக்க வேண்டும். முதல் தடவையாகச் சிக்னல் அதைத் திருப்பிச் சொல்லாமல் சிரித்தார்.

அன்று மாலை முதலாளி அதிகாரபூர்வமாக அறிவித்தார்: மென்பொருளில் புதைந்திருக்கும் தவறுகளைக் கண்டுபிடித்து அகற்றத் தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்படுகிறது. பொறுமை, பீரங்கி, சிக்னல் மூவரும் அதில் நிரந்தர ஊழியர்கள்.

பிரிவின் தலைவராக மாப்பிள்ளை நியமிக்கப்பட்டார்.